பச்சையம்மாவின் பென் டிரைவ்

மந்தைவெளியில் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கும் டில்லிபாபுவுக்கு, ஒரே பொருளை இரண்டாக வைத்திருப்பது அறவே ஆகாது. வீட்டில் இரண்டு சீப்பு கண்ணில் பட்டாலே முகம் சுளிப்பார். கம்ப்யூட்டரிலும் அதே கஞ்சத்தனம்தான். படத்தை நகல் எடுத்தால் இடத்தை அடைக்குமாம். அதனால் வெறும் லிங்க் போட்டு வைப்பார். பார்க்கப் படம் மாதிரியே இருக்கும், உள்ளே படம் இருக்கும் இடத்தின் விலாசம் மட்டும்தான் இருக்கும். அவருடைய பழைய லினக்ஸ் பெட்டி அந்த விலாசத்தைப் பிடித்துப் போய்ப் படத்தைக் காட்டிவிடும். இதில் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை வேறு.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பச்சையம்மாவின் மகள் மேகலாவுடைய கல்யாண ஆல்பத்தையும் இப்படித்தான் முடித்தார். பச்சையம்மா கொடுத்திருந்த பென் டிரைவைத் திருப்பித் தரும்போது, "எல்லாம் ஏத்திட்டேன்கா. இதை அழிச்சிட்டுப் பாட்டு போட்டுக்கோ" என்று தாராளமாகச் சொல்லியும் அனுப்பினார்.

மறுநாள் தி.நகரில் ஆல்பம் அச்சடிக்கும் கடைக்குக் கிளம்பினார். அங்கே இருப்பது விண்டோஸ். அதில் விலாசத்துக்கு நடுவே வரும் சாய்கோடுகள் எதிர்ப்பக்கம் சாய வேண்டும் என்று, அவற்றை மாற்றித் தரும் ஒரு கன்வெர்ட்டரை ஓடவிட்டு, ஒன்றுவிடாமல் திருப்பி, மொத்தத்தையும் ஜிப் பண்ணி எடுத்துப் போனார். கடையில் வேலை செய்யும் ஃபராஸ் அதைப் பிரித்துப் பார்த்தான்.

"இன்னா நைனா, அறுநூறு படமும் சேர்ந்து ஒரு படம் சைஸுகூட இல்ல?"

ஒன்றை நோட்பேடில் திறந்தான். பெண்ணையும் காணோம், மாப்பிள்ளையையும் காணோம். ஒரே ஒரு வரி. கன்வெர்ட்டர் சாய்கோடுகளை அழகாகத் திருப்பியிருந்தது. விலாசம்தான் பச்சையம்மாவின் பென் டிரைவைக் காட்டியது.

டில்லிபாபுவுக்கு அப்போதுதான் உறைத்தது. படம் எடுத்தவர் தன்னிடம் இருந்ததை எப்போதோ அழித்துவிட்டார். மேகலாவின் கல்யாணம் மிச்சமிருந்தது அந்தப் பென் டிரைவில் மட்டும்தான். அதையும் அழிக்கச் சொன்னது இவருடைய பாழாய்ப்போன வாய்.

ஆட்டோ பிடித்துப் பறந்தார். பச்சையம்மா வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அக்கா, அந்தப் பென் டிரைவு... பாட்டு ஏத்திட்டியா?"

"ஏத்துவாங்க! நீ சொன்னேன்னு அழிச்சிடுவேனா? உன்ன நம்புறதுக்கு நான் இன்னா லூசா? ஆல்பத்தைக் கண்ணால பாக்குற வரைக்கும் அது பீரோலதான் கீது."

தன்னை ஒருவர் நம்பவில்லை என்பதற்காக டில்லிபாபு கண் கலங்கிக் கையெடுத்துக் கும்பிட்டது, நாற்பத்தெட்டு வயதில் அதுதான் முதல் தடவை.