நேரம் தப்பி ஊதிய சங்கு

எழுபதுகளில் பம்மலில் ஓர் எனாமல் பாத்திரக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். கம்பெனி அம்பத்தூருக்குப் போனபோது பழைய ஷெட்டை மட்டும் இடிக்காமல் மியூசியமாக்கினார்கள். வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட ஓர் ஆள் வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வரும், வீடு தாம்பரத்தில், வாயும் கொஞ்சம் நீளம். வேலை என் தலையில் விழுந்தது. இப்போது இந்த மாதிரி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக அதில் முதல் நாளை மட்டும் எழுதுகிறேன். மற்ற நாட்களில் பெரும்பாலும் தூசிதான் தட்டினேன்.

1. திறப்பு விழா

மெஷின்களுக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் அட்டை மாட்டியிருந்தோம். 'தொடாதீர்கள்' என்று போர்டு எழுதிய பெயிண்டர், எழுதி முடித்த கையோடு மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். காலேஜ் பையன்கள் ஒரு பஸ் நிறைய வந்தார்கள். மானேஜர் சின்ன வயசுக்காரர். நல்ல மனுஷன், உற்சாகம்தான் கொஞ்சம் ஜாஸ்தி.

"மிஸ், கடைசி அயிட்டமா சங்கை ஊதிக் காட்டலாம். பசங்க எஞ்ஜாய் பண்ணுவாங்க."

சங்கு என்றால் ஷெட் கூரை மேலிருந்த சைரன். முன்பு அதை ஊதிக்கொண்டிருந்த முனுசாமியண்ணன் அன்று கஞ்சி போட்ட சட்டையில் தயாராக நின்றார். அவருக்கு இருந்த ஆசைக்கு, யாரும் சொல்லாவிட்டாலும் ஊதியிருப்பார். பதினோரு மணிவாக்கில் ஸ்விட்சைப் போட்டார். பையன்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் கேட்டில் கூச்சல் கேட்டது.

2. கேட்

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஷிப்ட் நேரத்தில் சங்கு ஊதினால் டூட்டி. நேரம் தப்பி ஊதினால் உள்ளே யாருக்கோ அடி. எங்கள் கம்பெனியில் அடி என்றால் அநேகமாக பிரஸ் மெஷினில் விரல். சுற்றுப்பட்டுத் தெருப் பெண்கள் போட்டது போட்டபடி கேட்டுக்கு ஓடி வருவார்கள். அடிபடாத ஆண்கள் கேட்டின் உள்பக்கம் வரிசையாக நின்று, இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கிக் காட்டுவார்கள். தன் ஆளின் விரல்களைப் பார்த்தவள் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவாள். யாரும் போட்ட ரூல் இல்லை அது.

கம்பெனி இடம் மாறிய பிறகு இதெல்லாம் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. பெண்களுக்கு இருந்தது.

வந்தவர்களில் முதலில் நின்றவள் கன்னியம்மா. முழங்கை வரை சோப்பு நுரை. அவள் கணவர் ஏழுமலை அம்பத்தூரிலும் பிரஸ் ஷாப்பில்தான் இருந்தார்.

"யாருக்கு மிஸ் அடி? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல கன்னியம்மா. பாக்க வந்தவங்களுக்கு ஊதிக் காட்டினோம்."

"வெளையாட்டுக்கு எவனாச்சும் சங்கு ஊதுவானா? அம்பத்தூர்ல இன்னாவோ ஆயிட்ச்சி. எங்களாண்ட சொல்லாம மறைக்கிறீங்க."

மானேஜர் அம்பத்தூருக்குப் போன் போட்டு, எப்படியோ லைன் பிடித்து, ஏழுமலையையே கூப்பிட்டுப் பேச வைத்தார். எல்லோரும் நலம் என்று அவர் சொன்னதைக் கேட்டு மற்ற பெண்கள் அரைமனதாகக் கலைந்தார்கள். கன்னியம்மா ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"நல்லாத்தான் கீறேன்றாரு."

"அப்புறம் என்ன? வீட்டுக்குப் போ."

"ரெண்டு வெரலு போனப்பவும் ஆஸ்பத்திரில பட்த்துகினு நல்லாத்தான் கீறேன்னாரு மிஸ். கொரல்ல இன்னா தெரியும்?"

நான் ரிசீவரை வாங்கி வைத்தேன்.

அவள் நேராக உள்ளே போய் அவர் விரல்களை வாங்கிய பிரஸ் மெஷின் முன்னால் நின்றாள். பையன்கள் ரோஸ்மில்க் கிளாஸோடு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"இத்துக்குப் போயி பெயிண்ட் அட்ச்சி வச்சிகீறீங்களே," என்றாள். மானேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

3. சாயங்காலம்

கன்னியம்மா வீட்டுக்குப் போகவில்லை. கேட்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாப்பாடு வேண்டாம் என்றாள். டீ மட்டும் குடித்தாள். மானேஜர் வந்து வந்து "ஸாரிம்மா" என்றார். கடைசியில் அவளுக்கே பாவமாகிவிட்டது. "நீ போய் சாப்டு சார்," என்றாள்.

ஆட்களைக் கொண்டுவரும் கம்பெனி பஸ் பழைய கேட்டில்தான் நிற்கும். பொழுது சாயும் நேரத்தில் அது வந்தது. இறங்கியவர்களிடம் முனுசாமியண்ணன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள். ஏழுமலை சிரிக்கவில்லை. டிபன் கேரியரை என் கையில் கொடுத்தார். மனைவியைத் தாண்டி உள்ளே போய், கேட்டைச் சாத்திக்கொண்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கைகளையும் விரித்துத் தூக்கினார். சிரித்த இருவரும் போய் அவர் பக்கத்தில் நின்று தூக்கினார்கள். அப்புறம் பஸ்ஸில் வந்த எல்லோரும்.

கன்னியம்மா எழுந்து கம்பியருகே போய் ஒவ்வொரு விரலாக எண்ணினாள்.

"எட்டு. சரியா கீது. வா, வூட்டுக்குப் போலாம்."

நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மானேஜர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் முனுசாமியண்ணனே ஏறி சங்கின் ஒயரைக் கழற்றினார். ஊதிக் காட்டச் சொல்லி அதற்கப்புறம் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் பெண்கள் வேலையாக இருக்கிறார்கள், தொந்தரவு செய்யக்கூடாது என்பேன். உங்களிடம் கேட்டால் நீங்களும் அதையே சொல்லுங்கள்.