டோரீன் இடம்

டெஸ்மண்ட் தர்லோ தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு நம்மை நிற்க வைத்தே பேசுவார். களஞ்சியத்தின் பெரிய கதவருகே இரண்டு கற்களின் மேல் கிடக்கும் ஓக் மர பெஞ்சில் இடது ஓரம் அவருக்கு. வலது ஓரத்தில் நாய் ஏறினாலும் விரட்டுவார். "எறங்குடா. அது டோரீன் இடம்." மனைவி டோரீன் இறந்து வருடங்களாகிவிட்டன. பக்கத்துப் பண்ணைக்காரனான நானும் அத்தனை வருடமாக நின்றேதான் குடித்தேன்.

கோடையிலும் கம்பளித் தொப்பி. பேச்சில் சிக்கனம், பிஸ்கட்டில் அதைவிட. காற்று பலமாக அடிக்கும் நாளில் களஞ்சியத் தூணில் காதை வைத்துக் கேட்பார். "கெழவி இன்னிக்கு மொனகுறா" என்பார். கிழவி என்றால் அந்தக் களஞ்சியம்தான்; நானூறு வயதிருக்கும். உடம்பில் ஓர் இரும்பாணி கிடையாது, எல்லாம் மர முளைதான். கூரை முகட்டுக்குக் கீழே ஆந்தை வந்துபோக ஒரு துளை. முன்பெல்லாம் அறுவடை முடிந்தால் ஊரே அதற்குள் கூடிச் சாப்பிடும். கதிரடித்து வழவழத்த பலகைத் தரையில் டோரீன் ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடுவாள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

இளவயதில் டெஸ்மண்ட் செய்த காரியம் எங்கள் சஃபோக் வட்டாரப் பண்ணைக்காரர்கள் பலரும் செய்ததுதான். புது அறுவடை இயந்திரம் உள்ளே திரும்ப இடிக்கிறது என்று, தூணிலிருந்து உத்திரத்துக்கு வளைந்து ஏறும் முட்டு மரத்தை முளைகளைத் தட்டிக் கழற்றிவிட்டார். அன்று தொடங்கியது கிழவியின் சாய்வு. பிறகு இரும்புக் கயிறு போட்டு இழுத்துக் கட்டினார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை. இந்த வசந்தத்தில் கயிறும் அறுந்தது. இன்னொரு புயலுக்குத் தாங்காது.

தச்சுவேலை செய்யும் ஜில் வந்து பார்த்தாள். தூணில் உளியால் கீறிய நான்கு கோடுகளைத் தடவினாள். எந்த மரம் எதோடு சேரும் என்பதற்கு அந்தக் காலத்துத் தச்சர்கள் இரண்டிலும் ஒரே குறியைப் போடுவார்கள். பிறகு குனிந்து பெஞ்சின் அடியைப் பார்த்தாள்.

"பெரியவரே, நாலு கோடு இங்கல்ல இருக்கு! மேல இருக்க வேண்டிய மரத்துமேலயா இத்தன நாளு உக்காந்து டீ குடிச்சீங்க?"

"புதுசா ஒண்ணு செதுக்கிக்கம்மா."

"இந்த வளைசல்ல மரம் தேடிப் புடிக்கிறதுக்குள்ள காத்து அடிச்சுதுன்னா?"

"அப்ப டோரீன் எங்க உக்காருவா?"

ஜில் பெஞ்சை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் காலை நாங்கள் போனபோது பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "தூக்கி மாட்டு. கெழவி விழுந்தான்னா டோரீன் என்னைய சும்மா விடமாட்டா."

சாய்ந்த தூணைக் கப்பி போட்டு இழுத்து நிமிர்த்தினோம். மரம் தன் பழைய துளையில் போய்ப் பொருந்தியது. அதன் இடது ஓரம் மட்டும் தேய்ந்து பளபளத்தது. டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நெடுநேரம் அண்ணாந்து அதையே பார்த்தார்.

பிறகு தேநீர் கொண்டுவந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். நான் வழக்கம்போல நின்றேன். இன்னொரு வாளியைக் காலால் இழுத்து, தன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்டு, அதைக் கையால் தட்டினார்.