பெட்ரோல் மூடியில் ஒரு சந்தனப் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை, ரிவர்ஸ்டன் மலை ஏற்றத்தில் என் ஸ்கூட்டர் மூச்சிரைக்க, தங்கை மலரின் ஏ.டி.வி.யைத் துரத்திக்கொண்டு போனேன். நாலு சில்லு, அதாவது நாலு சக்கர மோட்டார் சைக்கிள் என்றால் சட்டென்று புரியும். ரத்தோட்டையில் அவள் வீடு. மலை பார்க்க வருகிறவர்களுக்கு அதை ஓட்டக் கொடுப்பதுதான் தொழில்.

துரத்தியது பந்தயத்துக்கு இல்லை. வைத்தியத்துக்கு!

கொஞ்ச நாளாகவே அவள் வண்டிக்கு ஒரு வியாதி. முதல் கொஞ்ச தூரம் சமர்த்தாக ஓடும். அப்புறம் இருமும்... திக்கும்... நின்றுவிடும். சும்மா விட்டுவைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும். கொழும்பிலிருந்து வந்த ஒரு ஜோடி பனிமூட்டத்துக்குள் நடந்தே இறங்கியிருக்கிறார்கள். அப்புறம் புக்கிங் வருமா?

மலர் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிளக்கை மாற்றிவிட்டாள். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். ஏர் ஃபில்டரில் தூசி கூட இல்லை. "அக்கா, இன்னைக்கும் நடுவழியில நின்னா வித்துருவேன். இனி எனக்கு ஏலாது" என்றாள்.

எனக்குத் தாங்கவில்லை. இந்த வண்டிக்காக மாமியாரிடம் அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "பொம்பளைக்கு மோட்டாரை வச்சு என்னா தொழில்?" என்று கேட்டுவிட்டு, ரொம்ப நாள் மலரோடு பேசாமலே இருந்தார் அந்த அம்மா. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, யாரும் கேட்காமலே, சந்தனக் கிண்ணத்தோடு வந்து பெட்ரோல் டேங்க் மூடியில் பொட்டு வைத்தார். நட்டநடுவில் வட்டமாக இருக்கிறதே — அவருக்கு அது நெற்றியாகத் தெரிந்திருக்கிறது. மலர் எனக்கு போன் எடுத்து அழுதாள். அன்றிலிருந்து தினமும் பொட்டு. வண்டி நிற்க ஆரம்பித்ததும் பயந்துபோய், இன்னும் பெரிய பொட்டு!

உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை.

ஏற்றத்தில் வண்டி நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தேன். 'ஸ்ஸ்ஸ்' என்று காற்றை உறிஞ்சியது. உடனே ஸ்டார்ட்! மூடியைப் போட்டு ஓட்டினாள் — கொஞ்ச தூரத்தில் நின்றது. திறந்தேன் — மறுபடி 'ஸ்ஸ்ஸ்'. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மூடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க, அது வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பெட்ரோல் இறங்காது. உங்கள் புல் வெட்டும் மெஷின் நின்று நின்று ஓடினாலும், மெக்கானிக்கைத் தேடும் முன் மூடியைப் பாருங்கள். எங்கள் துளையில் காய்ந்து இறுகிய சந்தனம்.

வேடிக்கையைப் பாருங்கள். வண்டி நிற்கிறதே என்று பொட்டு. பொட்டினால் வண்டி நிற்கிறது. நம் வீடுகளில் பாதிக் கோளாறு அக்கறையால்தான் வருகிறது, இல்லையா?

ஷோலில் இருந்த ஊக்கைக் கழற்றித் துளையில் குத்தினேன். வண்டி உச்சி வரை நிற்காமல் ஏறியது. எனக்குத் தலைகால் புரியவில்லை! மலர் முகத்தில்தான் சந்தோஷம் இல்லை.

"மாமிகிட்ட எப்படிக்கா சொல்றது? மறுபடி பேசாம இருந்துட்டாங்கன்னா?"

எஞ்சின் வைத்தியம் எனக்கு வரும். இதற்கு எந்த ஸ்பேனரை எடுப்பது?

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார் மாமி. "நின்னுச்சா?"

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. மூடியைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். "இதுதான் வண்டி மூச்சு விடுற ஓட்டை மாமி. சந்தனம் அடைச்சிருச்சு."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது. மூடியை என்னிடமே தந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். மலர் என்னை முறைத்தாள்... வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா என்று.

மாமி சந்தனக் கிண்ணத்தோடு திரும்பி வந்தார். வண்டியைத் தாண்டி நடந்தார். மலரின் நெற்றியில் பொட்டு வைத்தார்.

"ஓட்டுறவளுக்கு வச்சாப் போதும்தானே?"

வண்டிக்கு அதற்குப் பிறகு ஒரு கோளாறும் இல்லை. மலர்தான் அன்றைக்குக் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் ஆகாமல் நின்றாள்!