பிறந்த குழந்தைக்குத் துரு பிடிக்குமா?

பிரசவ அறை வாசலில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்திருப்பதும் ஓர் உத்தியோகம்தான். பெண்டாட்டிக்காகவோ மகளுக்காகவோ அந்த பெஞ்சில் உட்கார்ந்து நகம் கடித்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். ஒரே வித்தியாசம், உள்ளே இருப்பவர் எனக்கு யாரோ.

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரி. மாடியில் காசு கட்டும் அறைகள், கீழே இலவச வார்டு. தொப்புள் கொடியை வெட்டியதும் அதில் தங்கும் ரத்தத்தை மேரி சிஸ்டர் குழாயில் பிடித்து வெளியே நீட்டுவார். அதை ஐஸில் வைத்து அடையாறு லேபில் சேர்ப்பது என் வேலை. ஆக்ஸிஜன் உடம்புக்குள் செய்யும் சேதம் சுகப் பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு அதிகமா, சிசேரியனில் பிறந்ததற்கு அதிகமா என்பது லேப் மேடத்தின் ஆராய்ச்சி. சிசேரியன் ரத்தம் குவிந்தது. சுகப் பிரசவ ரத்தம்தான் அகப்படவில்லை. "மாசக் கடைசிக்குள்ள நார்மல் வரலைன்னா ஆராய்ச்சியையே மூடிடுவாங்க. உங்க வேலையும் போயிடும்" என்றார் மேடம். எனக்கோ அசோக் நகரில் பெண் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் தட்டு மாற்றியிருந்தார்கள்.

சம்பந்தி வீட்டுப் பக்கம்

ரத்தம் எடுக்குமுன் வீட்டாருக்கு விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்க வேண்டும். மாடி அறையில் ஒரு மாமி, மகளுக்குத் துணையாக இருந்தார். "வயித்துக்குள்ள குழந்தைக்குக் கொஞ்சம் ஆக்ஸிஜன்தான் மாமி. வெளியே வந்து மூச்சு விட்டதும் ஒரேயடியா நிறைய வரும். இரும்பு காத்துபட்டா துருப்பிடிக்கிற மாதிரி உள்ளே லேசா ஒரு சேதம். பயப்பட ஒண்ணுமில்லே, எல்லாக் குழந்தைக்கும் உண்டு" என்றேன்.

மாமி நிதானமாக யோசித்தார். சம்மதமும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்காத்துல யாருக்கும் துருப்பிடிச்சதில்லையே. ஒருவேளை மாப்பிள்ளை ஆத்துப் பக்கமோ?" என்றார்.

மகத்துக்குக் காத்திருந்தோம்

மாடியில் பாதி சிசேரியன் ஜோசியர் குறித்த நேரத்துக்குத்தான் நடக்கும். ஒரு குடும்பம் மக நட்சத்திரம் பிறந்த பிறகுதான் ஆபரேஷன் என்று நின்றது. நானும் மகத்தைக் கணக்குப் பண்ணித்தான் ஐஸ் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பெண்ணுக்குத் தானாகவே வலி கண்டு, காலையிலேயே, ஆயில்யத்திலேயே, சுகப் பிரசவத்தில் பெண் குழந்தை பிறந்துவிட்டது. நான் தவமிருந்த நார்மல்! கையில் ஐஸ் இல்லை. ரத்தம் வீணானது.

ஆயில்யத்தில் பெண் பிறந்தால் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். பஞ்சாங்கத்தை மூடிவிட்டுக் குழந்தையின் தாத்தா சொன்னார்: "வரப்போற மாமியாருக்கு இப்பவே ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடணும்."

ரத்தம் என்றால் வேகம்

அடுத்து ஒரு டீச்சர் சுகமாகப் பெற்று, ரத்தமும் தந்தார். வாசலில் நின்ற ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் ஏழுமலை, கோட்டூர்புரத்துக்காரர். பெட்டியில் என்ன என்று கேட்டார். ரத்தம் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் நான் செய்த தப்பு. மந்தைவெளியில் ஒரு பள்ளத்தையும் அவர் விடவில்லை. "மெதுவா போங்க!" என்று நான் கத்தியதை உயிருக்குப் போராடும் நோயாளியின் சொந்தக்காரன் உளறுவதாக நினைத்திருக்கிறார்.

குலுங்கினால் ரத்த அணுக்கள் உடைந்துவிடும். லேபில் பிரித்துப் பார்த்தால், மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது. மேடம் குழாயைத் தூக்கிப் போட்டார். வெளியே காத்திருந்த ஏழுமலை என் முகத்தைப் பார்த்து, "இவ்ளோ ஃபாஸ்ட்டா வந்தும் காப்பாத்த முடியலையா சார்?" என்றார்.

தலைச்சன் கொடி

கீழ் வார்டில் சுகப் பிரசவத்துக்குக் குறைவில்லை, சம்மதம்தான் கிடைக்காது. தலைச்சன் பிள்ளையின் கொடி ரத்தம் மந்திரவாதி கைக்குப் போய்விடும் என்று பயம். ஐஸ் பெட்டியோடு நான் வந்தாலே முந்தானையை இழுத்து மூடுவார்கள்.

குலுங்கித்தான் ரத்தம் கெட்டது என்று ஏழுமலைக்கு நான் அன்றே விளக்கியிருந்தேன். மாசக் கடைசி நெருங்கிய ஒரு நாள், அவர் தன் மனைவி செல்வியைப் பிரசவத்துக்குக் கூட்டி வந்தார். அவர்களுக்கும் தலைச்சன். செல்வி சரி என்றுவிட்டார். ஏழுமலையின் அம்மா என் பெட்டியை ஒரு பார்வை பார்த்தார். "எம்பேரன் ரத்தத்த மை வைக்க எட்த்துக்கினு போறான்டா இவன்!"

"சும்மாகீறியா? போன தபா நான்தான் கெட்த்தேன். இந்தத் தபா நானே இட்டுக்கினு போயி, கடசி வரிக்கும் கண்ணால பாத்துட்டு வரேன். போதுமா?" என்றார் ஏழுமலை. அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

குழந்தை பிறந்துவிட்டதாக உள்ளேயிருந்து குரல் வந்தது. அழுகை வரவில்லை. யாரோ ஓடும் சத்தம், ஆக்ஸிஜன் சிலிண்டர் உருளும் சத்தம். ஏழுமலை சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேலையும் மறந்தது, கல்யாணமும் மறந்தது. துருப்பிடித்தால் பிடித்துவிட்டுப் போகட்டும், ஒரு மூச்சு விடுடா ராஜா என்று வேண்டிக்கொண்டேன். கடைசியில் ஒரு கத்தல் கேட்டது பாருங்கள், வார்டே திரும்பியது. மேரி சிஸ்டர் குழாயோடு வந்தார். "பையன். நல்லா இருக்கான். இனிமே அவன் வாயை மூட மாட்டான், நீ கிளம்பு!"

கோயில் தேர் மாதிரி

அடையாறு பாலத்தில் அன்று எங்களை முந்தாத வண்டி இல்லை. சைக்கிள்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். பின்னால் பஸ் டிரைவர் திட்டிய திட்டு எதையும் எழுத முடியாது. ஏழுமலை ஒவ்வொரு பள்ளத்துக்கும் நின்று, இறக்கி, ஏற்றி ஓட்டினார். அழுதுகொண்டும் ஓட்டினார்.

லேபுக்குள்ளும் கூடவே வந்தார், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. மேடம் குழாயை வாங்கிச் சுழலும் யந்திரத்தில் வைத்துப் பொத்தானை அழுத்தினார். யந்திரம் அலறிக்கொண்டு சுற்றியது. நின்றதும் பார்த்தால், மேலே தெளிந்த மஞ்சள், பழுதில்லாத நார்மல். நான் பெருமூச்சு விட்டேன். ஏழுமலைக்குத்தான் ஆறவில்லை. "நான் ஒரு குலுக்கல் இல்லாம கொணாந்தா, நீங்க இன்னா மேடம் எம்புள்ளைய இந்தச் சுத்து சுத்துறீங்க?"

"எம்மவன் எல்லாத்தியும் கண்ணால பாத்தான்" என்று அவர் அம்மா வார்டு முழுக்கச் சொன்னதில் நார்மல் ரத்தம் வரிசையில் வந்தது, என் வேலை நிலைத்தது, கல்யாணமும் நடந்தது. முகூர்த்தத்துக்கு ஏழுமலை ஆட்டோவில் போனதில், மாப்பிள்ளை குலுங்கக் கூடாது என்று அவர் ஓட்டிய வேகத்துக்கு, முகூர்த்தம்தான் தப்பப் பார்த்தது.