மானை மறந்து வாங்கிய நாய்

சென்ற வெள்ளிக்கிழமை காலை, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு கடற்கரையை நோக்கி ஓடிய மனிதரைத் திருகோணமலையில் நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். சிலர் போனில் சுகம் விசாரித்தார்கள். ஒரு நண்பர் படமே எடுத்து அனுப்பியிருந்தார்.

ஓம், நான்தான். பொலிஸ் என்னைத் துரத்தவில்லை. துரத்தியவன் நான். விளக்கம் சொல்லாவிட்டால் ஊர் தானாகவே ஒரு கதை கட்டிவிடும். எனவே நானே முந்திக்கொள்கிறேன்.

தொடக்கம் டொக்டரின் அறையில். "சீனி கூடிப்போச்சு. பிரஷரும் அப்பிடித்தான். விடிய எழும்பி நடவுங்கோ" என்றார். தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தேன். கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கு வாய்த்த ஒரே பதவி அந்தக் கதிரைதான்... அதை எப்படி விடுவது?

என் மனைவி சுகந்தி கொஞ்ச நாள் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "நாய் ஒண்டு வாங்குவம். அதைக் கூட்டிக்கொண்டு நடக்கத்தானே வேணும்?"

கொழும்பில் நாய் வளர்த்து விற்கும் ஒருவரிடம் சின்ன டெரியர் குட்டிகள் இரண்டு இனத்தில் இருந்தன. ஜாக் ரஸல், யோர்க்‌ஷயர். அவர் வீடியோக்களும் படங்களும் அனுப்பினார்.

ஜாக் ரஸல் வெள்ளை உடம்பு, மண்ணிறக் காது. வீடியோவில் அது சுவரில் ஏறப் பார்த்தது, பந்தைக் கடித்தது, பிறகு எடுப்பவரின் காலைக் கடித்தது. நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை என்று முன்னோர் சொன்னது இதைப் பார்த்துத்தான். சுகந்திக்கு உடனே பிடித்துப்போயிற்று.

யோர்க்‌ஷயர் வேறு ரகம். கையில் அடங்கும் உருவம், பட்டுப் போன்ற நீள மயிர். எல்லாப் படத்திலும் குஷன் ஒன்றில் குந்தி இருந்தது. கவனியுங்கள் — எல்லாப் படத்திலும் *இருந்தது*. எனக்குக் கூடப்பிறந்தவனைக் கண்டதுபோல் ஆகிவிட்டது.

பிறகு எங்கள் வீட்டில் சம்பந்தம் பேசும் படலம். தாய் எப்படி, தகப்பன் எப்படி, குணம் என்ன, நோய் வருத்தம் ஏதும் பரம்பரையில் உண்டா... சுகந்தி கொழும்புக்காரரைப் போனில் குடைந்தாள். எங்கள் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இத்தனை கேள்வி கேட்டதாக நினைவில்லை.

"ஜாக் ரஸல் நிலத்தைக் கிண்டும். உன்ர ரோசாக் கண்டு ஒண்டும் மிஞ்சாது" என்றேன் நான்.

"உங்கட யோர்க்‌ஷயருக்கு ஒவ்வொரு நாளும் சீப்பால தலை இழுக்கிறது ஆர்? இந்தப் புழுக்கத்தில அந்த மயிரோட அது என்ன பாடுபடும்?"

கிண்ணியாவில் இருந்து என் பழைய கந்தோர் நண்பர் நவாஸ் வந்திருந்தார். நாயைத் தொடமாட்டார். ஆனால் நாய் பற்றிய கருத்துக்கு அவரிடம் தட்டுப்பாடில்லை. "பூனை ஒண்டு எடுங்க அண்ணன். அது தன்ட பாட்டுல கிடக்கும்" என்றார். எனக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. சுகந்தி பார்த்த பார்வையில் அவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டுப் புறப்பட்டார்.

எல்லாவற்றையும் யோசித்தோம். குரங்கு வரும், கீரி வரும், பக்கத்து வீட்டுச் சேவல் மதில் ஏறும். ஒவ்வொன்றுக்கும் எந்த நாய் என்ன செய்யும் என்று வாதாடினோம். கடைசியில் நான் குரலை உயர்த்தினேன். "எனக்கு ஓடுற நாய் வேண்டாம்!"

சுகந்தி என் கதிரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அப்பாவும் இப்பிடித்தான். பின்னேரம் தேத்தண்ணி கொண்டு போறன்... கதிரையில இருந்தபடியே போயிட்டார். எனக்கு உங்கட கதிரையைப் பாக்கவே பயமாக் கிடக்கு."

மாமனார் போன கதை எனக்குத் தெரியும். அவள் அதை ஒவ்வொரு பின்னேரமும் தேத்தண்ணிக் கோப்பையோடு தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறாள் என்பது தெரியாது.

நல்ல கணவன் என்றால் அந்த இடத்தில் "சரி, ஜாக் ரஸல்" என்றிருப்பான். நான் சொன்னேன்: "யோர்க்‌ஷயரை எடுப்பம். கட்டாயம் நடப்பன். சத்தியமா."

ரோசி என்ற பெயரோடு யோர்க்‌ஷயர் குட்டி வந்து சேர்ந்தது. தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே விடக்கூடாதாம். எனக்கும் லீவு. அது முடிந்ததும் காலையில் ரோசியைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளி, ஒழுங்கை திரும்பும் முடக்கில் உள்ள மதகுவரை போவேன். அங்கே இருவரும் உட்கார்ந்திருப்போம். நேரம் பார்த்துத் திரும்புவோம். "நல்லா நடந்தனியளோ?" என்பாள் சுகந்தி. ரோசி காட்டிக்கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சுகந்தி கேற்றடியில் பலாப்பழச் சக்கை போட்டிருந்தாள். மான்களுக்குத்தான். இந்த ஊரில் எல்லாரும் செய்வது. புள்ளிமான் இங்கே பஸ் நிலையத்தில் நிற்கும், கடை வாசலில் படுக்கும், மரக்கறித் தோலுக்கு வீடு வீடாக வரும். குரங்கையும் கீரியையும் யோசித்த நாங்கள் மானை ஏன் யோசிக்கவில்லை? திருகோணமலைக்காரர் யாராவது மானை மிருகம் என்று எண்ணுவார்களா? அது அயலட்டைச் சனம்!

ரோசிக்கு அது தெரியாது. கொம்பன் மான் ஒன்று சக்கையில் வாய் வைத்ததுதான் தாமதம், ரோசி என் கையில் இருந்து பாய்ந்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் அத்தனை பெரிய குரல் எங்கே இருந்ததோ! கொம்பன் வெருண்டு ஓடியது. பின்னால் ரோசி. குஷனில் இருந்தாலும் டெரியர் டெரியர்தான், துரத்தப் பிறந்த வேட்டைச் சாதி என்பதை நான் அப்போதுதான் படித்தேன்.

அதுவரை பகிடி. வீதியில் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. பிறகு எனக்கு எதுவும் தோன்றவில்லை, ஓடினேன். பஸ் பிரேக் போட்ட சத்தம் கேட்டது, ஓட்டோக்காரர் ஏசியது கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலாகப் பின்னால் சுகந்தியின் குரல்: "ஐயோ, ஓடாதேங்கோ! ஓடாதேங்கோ!"

என்னை நடக்க வைக்கத்தான் நாயே வாங்கினாள்!

கடற்கரை மணலில் கொம்பன் நின்று திரும்பிப் பார்த்தது. ரோசியும் நின்றது. அள்ளி எடுத்துக்கொண்டு அப்படியே மணலில் இருந்துவிட்டேன். மூச்சு வாங்க ஓடிவந்த சுகந்தி நாயைப் பார்க்கவில்லை. என் நெஞ்சில் கை வைத்தாள்.

"இடிக்குது" என்றாள்.

"இடிக்காட்டித்தானே பிரச்சினை" என்றேன்.

சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் தண்ணீரும் வந்தது.

மதகுக் கதையையும் அங்கேயே சொல்லிவிட்டேன். இப்போது தினமும் காலையில் சங்கிலியின் ஒரு முனையில் ரோசி, மறுமுனையில் நான். மான் எங்கே போகிறதோ அங்கே நாங்களும் போகிறோம். சுகந்தியும் கூட வருகிறாள் — மதகைத் தாண்டுகிறேனா என்று பார்க்கத்தான்.

வீடு வந்ததும் என் சாய்மனைக் கதிரையில் ஏறி இருந்துவிடுகிறது ரோசி. படத்தில் பார்த்த அதே இருப்பு!