சீலாவின் கிணற்றில் ஒன்பது

பண்டத்தரிப்பில் சீலாவின் வீட்டுக்கு யாரும் வழி விசாரிப்பதில்லை. விடியக் காலையில் ஒழுங்கைக்குள் வெறும் தண்ணீர்க் கானோடு போகிறவரின் பின்னால் நடந்தால் போதும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிக் கிணறுகள் உவர். பருப்புப் போட்டால் வேகாது. தேநீர் போட்டால் வாயில் வைக்க முடியாது. சீலாவின் கிணறு நல்ல தண்ணீர்.

இந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் வாசல் படலைக்கு வெளியே குடத்தோடு காத்து நிற்க வேண்டும் என்று ஊர் எழுதாமலே சட்டம் வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த சீலாவின் தகப்பனுக்கு அந்தச் சட்டம் பிடிக்கவில்லை. ஒருநாள் படலையைக் கழற்றி ஆட்டுக்கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார். அன்றிலிருந்து அந்த வளவுக்குப் படலை கிடையாது. தகப்பன் விட்டுப்போன சொத்து எதுவென்று கேட்டால் சீலா வீட்டைக் காட்டமாட்டாள். அந்தத் திறந்த வாசலைத்தான் காட்டுவாள்.

அவளுக்கு நாற்பத்தொன்பது வயது. கலியாணம் ஒன்றும் சரிவரவில்லை, அவளும் அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கவில்லை. இருபத்துநான்கு வருடமாகப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளர். சோதனைக்குழாய் கழுவுவாள், உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவி நிரப்பிக் கொடுப்பாள். அளவி என்பது கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் கணக்குப் பிழைத்துவிடும். சீலா நிரப்பினால் குமிழ் நிற்காது. ஆனால் அதற்குள் நடப்பது என்னவென்று அவளைக் கூப்பிட்டுச் சொன்னவர் எவருமில்லை. சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானம் தவறியவள்தானே. ஒரு துளி கூடியதும் குடுவை முழுக்க இளஞ்சிவப்பாக மாறும் கணத்தை மட்டும் எட்டி நின்று பார்ப்பாள். எத்தனையோ தரம் பார்த்தும் மெய் சிலிர்ப்பது நின்றதில்லை.

அந்தச் சீலாவின் கிணற்றடிக்கு மூன்று கிழமையாக யாரும் வரவில்லை.

கனடாவில் இருக்கும் தம்பி ஜொனதன்தான் காரணம். அவனுடைய வீட்டு நிலவறையில் றேடன் என்றொரு வாயு இருப்பதாக யாரோ அளந்து சொல்லியிருக்கிறார்கள். பயந்துபோய் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தான். சீலா அப்போது வாளியும் கையுமாக நின்றாள். கைபேசியைக் கிணற்றுக் கட்டில் வைத்து ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா, அது கல்லுக்குள்ளால வாற வாயு. மணமில்லை, நிறமில்லை. கன காலம் சுவாசிச்சா நெஞ்சுக்குள்ள புற்றுநோய் வருமாம். கிணத்துத் தண்ணியிலயும் கிடக்குமாம். எங்கடை கிணறு முழுக்கக் கல்லுத்தானே?"

வரிசையில் நின்ற பத்துப்பேரின் காதிலும் அது விழுந்தது. மேசன் வேலை செய்யும் பிலிப்பு நிரப்பின கானைக் கவிழ்த்துப்போட்டு வெறுங்கானோடு நடந்தார். மற்றவர்கள் அவரைப் பின்பற்றினார்கள். அடுத்த நாளிலிருந்து ஒழுங்கையில் போத்தல் தண்ணீர் வண்டியின் மணிச்சத்தம்தான்.

"தொண்டை காஞ்சு செத்தாலும் உவையள் வராயினம்" என்று சீலா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். இரண்டு கிழமை பொறுத்தாள். பிறகு நிஷானிக்கு எடுத்தாள்.

நிஷானி அதே பள்ளிக்கூடத்துப் பிள்ளை. அவளுடைய வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். நிலத்தடி நீரைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அளக்கிற கருவியை இரவல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை வருவதாகச் சொன்னாள். மூடியுள்ள கண்ணாடிப் போத்தல் ஒன்றை முன்கூட்டியே கொடுத்தனுப்பினாள். "சீலாக்கா, நான் வர முதல் நீங்கள் குடிக்கிற தண்ணியை உதுக்குள்ள நிரப்பி வையுங்கோ. காத்துக்குமிழ் இருக்கப்படாது."

சனிக்கிழமை பிலிப்புவும் ஒழுங்கைச் சனமும் வந்து மாமரத்துக்குக் கீழே நின்றார்கள். நிஷானி சிறிய பெட்டி ஒன்றைத் திறந்து, போத்தலை மெல்லிய குழாயால் அதோடு பொருத்தினாள். தண்ணீருக்குள் குமிழ்கள் எழுந்தன. அரை மணித்தியாலம் காத்திருந்தார்கள்.

"ஒண்டுமில்லை," என்றாள் நிஷானி. "பூச்சியம் எண்டே சொல்லலாம்."

"பார்த்தியளே! நான் அண்டைக்கே சொன்னனான்," என்றார் பிலிப்பு.

"பிலிப்பண்ணை, அண்டைக்கு முதல் ஆளாக் கானைக் கவிழ்த்தது உங்கடை ஆவியே?" என்று சீலா கேட்டாள். சனம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பில் மூன்று கிழமைக் கோபம் கரைந்து போனது.

நிஷானி மட்டும் சிரிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போத்தலையே பார்த்தாள். "புதினமாக் கிடக்கு. கல்லுக்குள்ள இருந்து வாற தண்ணியில கொஞ்சமெண்டாலும் இருக்கவேணும். இந்த வாயு தண்ணியைக் குலுக்கினா, ஊத்தினா, பறந்திடும். நீங்கள் குமிழில்லாமல்தானே நிரப்பினனீங்கள்?"

சீலாவுக்கு அப்போதுதான் குடம் நினைவுக்கு வந்தது.

குடிக்கிற தண்ணீர் என்றால் அவளுடைய வீட்டில் குடத்துத் தண்ணீர். விடியக் காலையில் அள்ளி, வெள்ளைத் துணியில் வடித்து, வாளியிலிருந்து குடத்துக்கும் குடத்திலிருந்து செம்புக்கும் ஊற்றி, குளிரவைத்த தண்ணீர். ஆராய்ச்சிக்கு அழுக்குத் தண்ணீர் கொடுத்தால் மரியாதையில்லை என்று இன்றைக்கு இரண்டாந்தரமும் வடித்திருந்தாள். குமிழ் இல்லைத்தான். ஆனால் வாயுவை அவளே விரட்டிவிட்டாள்.

யாருக்கும் தெரியாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் பின்னேரமே கிணற்றடி நிறைந்துவிடும்.

பிலிப்புவின் மகள் வயிற்றுப் பிள்ளையோடு மரத்தைப் பிடித்தபடி நின்றாள்.

"பிள்ளை," என்றாள் சீலா. "நான் பிழை விட்டிட்டன். அது கிணத்தில நேரே அள்ளின தண்ணியில்லை. வடிச்ச தண்ணி."

நிஷானியின் முகம் மலர்ந்தது. "அதுதானே பார்த்தன்! மோட்டரைப் போடுங்கோ அக்கா. பழைய தண்ணியை இறைச்சுப்போட்டு, புதுசா ஊறுறதை எடுப்பம்."

ஒன்றரை மணித்தியாலம் இறைத்தார்கள். சீலா பிறந்து வளர்ந்த கிணற்றின் அடியை அவள் அவ்வளவு தெளிவாகப் பார்த்ததேயில்லை. வெயில் நேரே இறங்கிய நேரம். வெள்ளைச் சுண்ணக்கல்லில் கைவிரல் அகல வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதற்குள்ளிருந்து தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அதன் வாயில் கிடந்த மணல் மட்டும் மூச்சு விடுவதுபோல எழும்பி எழும்பி அமர்ந்தது.

வாளியை அலுங்காமல் இறக்கி அலுங்காமல் எடுத்தார்கள். வாளியிலிருந்து இறப்பர்க் குழாயால் போத்தலின் அடியில் தண்ணீர் விடவேண்டும். நிஷானி இரண்டுதரம் முயன்றாள், இரண்டுதரமும் குமிழ் நின்றது.

"விடு பிள்ளை," என்று சீலா குழாயை வாங்கினாள். உறிஞ்சினாள், விரலால் நெரித்தாள், போத்தலின் அடியில் விட்டாள். தண்ணீர் நிறைந்து வழிந்தது, வழியவிட்டாள். இருபத்துநான்கு வருடத்துக் கை. போத்தலை வாளிக்குள் அமிழ்த்தி அங்கேயே மூடினாள். தலைகீழாகப் பிடித்துக் காட்டியபோது ஊசிமுனைக் குமிழ்கூட இல்லை.

"எனக்கு அளவி நிரப்பித் தந்த கையெல்லே!" என்றாள் நிஷானி.

இந்தமுறை பெட்டியின் திரையில் இலக்கம் ஏறியது. இரண்டு. ஐந்து. எட்டு. ஒன்பதில் நின்றது.

"ஒன்பது எண்டா?" சீலா கேட்டாள்.

"ஒரு லீற்றர் தண்ணிக்குள்ள ஒவ்வொரு செக்கனும் ஒன்பது அணு உடையுது அக்கா. அதைத்தான் இந்தப் பெட்டி எண்ணுது. நூறைத் தாண்டினாத்தான் யோசிக்கவேணும். இது பயமில்லை." பிறகு கிணற்றை எட்டிப் பார்த்தாள். "இன்னொண்டு. இந்த வாயு நாலு நாளைக்குள்ள பாதியாப் போயிடும். இன்னும் நாலு நாளில அதிலயும் பாதி. அப்ப இது தண்ணிக்குள்ள கிடக்கெண்டா, தண்ணி கல்லை விட்டு வெளிக்கிட்டுக் கனநாள் ஆகேல்லை."

சீலா கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டாள். தகப்பன் வைத்துவிட்டுப்போன பெட்டகம் ஒன்றைப்போல இந்தக் கிணற்றைக் காவல் காப்பதாகத்தான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள். பெட்டகத்துக்குள் பழையது ஒன்றுமேயில்லை. தகப்பன் குடித்த தண்ணீர் என்றைக்கோ போய்விட்டது. அவள் நித்திரை கொள்ளும்போதும் கல் திறந்து, புதுத் தண்ணீர், பிறந்த நாளைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு வந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று தண்ணீருக்குள் உடைகிறது. அந்தக் கணத்தை ஒரு பெட்டி எண்ணிவிடுகிறது. குடுவை இளஞ்சிவப்பாக மாறும்போது எழும் அதே சிலிர்ப்பு அவள் முதுகில் ஓடியது.

"எண்டாலும்," பிலிப்பு தலையைச் சொறிந்தார். "ஒன்பது கிடக்குத்தானே. முதல் பூச்சியம் எண்டியள்."

சனம் ஒருவரை ஒருவர் பார்த்தது. சீலா குனிந்து முதல் போத்தலைத் தூக்கினாள்.

"பிலிப்பண்ணை, இது ஆரின்ரை தண்ணி? இதே கிணத்தில விடிய அள்ளினது. வடிச்சுக் குடத்தில விட்டன், பூச்சியமாப் போச்சு. உங்கடை கண்ணாலதானே பார்த்தனீங்கள்? ஒன்பதே பயமில்லையாம். அதுக்கும் மனமில்லையெண்டா வடிச்சுக் குடியுங்கோ."

நிஷானி சத்தமாகச் சிரித்தாள். "அக்காவின்ரை பிழைதான் இண்டைக்கு நல்ல பரிசோதனை!"

பிலிப்பு மகளைப் பார்த்தார். அவள் கிணற்றடிக்கு வந்து, ஏறிக்கொண்டிருந்த தண்ணீரை எட்டிப் பார்த்தாள். பிலிப்பு சீலாவிடம் திரும்பினார்.

"சீலா, உன்ரை வெள்ளைத் துணியில ஒரு துண்டு கிழிச்சுத் தாவன். நான் போய்க் கான் எடுத்துக்கொண்டு வாறன்."

அந்த நேரம் பார்த்து ஜொனதன் எடுத்தான். "என்னக்கா, என்னவாம்?"

"தம்பி, பிறகு எடு," என்றாள் சீலா, ஒரு கையால் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி. "கிணத்தடியில ஆக்கள் நிக்கினம்."