வில்பட்டியில் ஒருமுறை மட்டும் அமுக்க வேண்டிய பொத்தான்

போன நவம்பரில் கொடைக்கானலுக்குப் போனது மலைப்பூண்டுத் தோட்டம் பார்க்க. ஏரியும் படகும் எனக்கும் என் கணவர் ரவிக்கும் அலுத்துவிட்டன. காலை 6.40-க்கு டவுன் பஸ், வில்பட்டிக்கு ஆளுக்குப் பதினைந்து ரூபாய், அரை மணி நேரம். அங்கிருந்து, பூண்டு பயிரிடும் செல்வியக்காவின் தோட்டத்துக்கு ஒரு கிலோமீட்டர் இறக்கம். முழங்கால் சரியில்லாதவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சரிவில் செல்போன் எடுக்காது. தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு சின்ன ரேடியோ டப்பாவைக் கழுத்தில் மாட்டியிருக்கிறார்கள். டவர் கிடையாது. காட்டுமாடு வந்தால் பார்த்தவர் சிவப்புப் பொத்தானை அமுக்குவார். பக்கத்து டப்பா சேதியை வாங்கி அடுத்ததற்கு அனுப்பும். அருகில் வேறொன்று ஏற்கெனவே அனுப்பிவிட்டால் சும்மா இருந்துவிடும். எங்களுக்கும் ஆளுக்கொன்று தந்த அக்கா, ஒரே தடவைதான் அமுக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார். நானும் பெரிய மனுஷி மாதிரித் தலையாட்டினேன்.

ரவி படம் எடுக்க ஓடைக்கு இறங்கிவிட்டார். மணி 8.10, நல்ல மூட்டம். மேல் வரப்பில் புதர் முறிகிற சத்தம். ஒற்றைக் காட்டுமாடு ஒன்று என்னைத் தாண்டி ஓடைப் பாதையில் இறங்கியது. கத்தவும் பயம், மிரண்டால் அது அந்தப் பாதையில்தான் ஓடும். பொத்தானை அமுக்கினேன். அவருக்குச் சேதி கிடைத்தால் என் டப்பாவில் பச்சை எரிய வேண்டும். எரியவில்லை. மறுபடி அமுக்கினேன். மறுபடியும், மறுபடியும்.

செல்வியக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"நீங்க அமுக்க அமுக்க அதுக்கு ஒவ்வொண்ணும் புதுச் சேதிங்க. எல்லா டப்பாவும் ஒண்ணுமேல ஒண்ணு கத்திக்கிட்டு கெடக்கு. கீழ ஒண்ணும் போய்ச் சேராது. கைய எடுங்க."

எடுத்தேன். டப்பாக்கள் அடங்கும்வரை காத்திருந்து அவர் என் டப்பாவை ஒருமுறை அமுக்கினார். பிறகு இருவரும் சும்மா நின்றோம். ரவி செத்துவிட்டார் என்றே முடிவுகட்டிவிட்டேன். மூன்று நிமிடம் கழித்துப் பச்சை எரிந்தது.

டப்பா அதிர்ந்ததும் ரவி பாறைமேல் ஏறியிருக்கிறார். அவர் கேமராப் பையை வைத்திருந்த இடத்தை மாடு மிதித்துக்கொண்டு போயிருந்தது.

போகிறவர்களுக்கு: பிடிமானமுள்ள ஷூ போடுங்கள், ஓடைக்குத் தனியாக இறங்காதீர்கள், பயத்தில் கை பரபரத்தாலும் பொத்தானை ஒரே தடவைதான் அமுக்க வேண்டும். நான் பதினொரு தடவை அமுக்கினேன். ரவியிடம் ஒரு தடவை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்வார்.